மூன்றாவது பத்தி

மூன்றாவது தடவையாக அவர்கள் புனிதவதியின் பெயரைச் சொன்னபோதுதான், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது என்பது தெய்வசிகாமணிக்குத் தெரிந்தது. பந்தல் கடையில் வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் சாய்ந்தால் இடது பக்கம் இறங்கியது, பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்தது. அவர் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. சௌபாக்கியா அடுக்ககத்தின் முன்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஸ்கூட்டர்களைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஐப்பசி ஞாயிறு, சாயங்காலம் நாலரை. காலையில் பெய்த மழை நின்றுவிட்டது, ஆனால் கூரை விளிம்பிலிருந்து இன்னும் ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. புரசைவாக்கத்தில், கந்தப்ப ஆசாரி தெருவில், தரைத்தளமும் மூன்று மாடியுமாக லிஃப்ட் இல்லாமல் நாற்பத்திரண்டு வருஷமாக நிற்கிற இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பதினான்கு மாடி எழுப்பலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. மொத்தம் இருபத்து நான்கு வீடு. பதினாறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவர்கள் மறுத்தாலும் இடிக்கலாம். பதினைந்து பேர் போட்டாகிவிட்டது. எட்டுப் பேர் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. இரண்டும் சொல்லாமல் மிச்சமிருந்தது மூன்றாம் மாடியில் இருபத்து மூன்றாம் எண் வீடு. அது அவருடையது. எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவருடையதும் புனிதவதியுடையதுமாக இருந்தது. இந்த எட்டு மாதத்தில் எதுவும் அவருக்கு உறைப்பதில்லை. சாப்பாட்டுக்காரம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்த அன்று ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டுக் கை கழுவினார், மறுநாள் அவளே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. வெந்நீர் சுட்டாலும் கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாகிறது. நாக்பூரிலிருந்து மகள் சுபத்ரா போனில், கையெழுத்துப் போட்டுடுங்கப்பா, அந்தப் படியில நீங்க இனிமே ஏறி இறங்க வேண்டாம் என்று சொன்னபோது சரிம்மா என்றார். கையெழுத்துப் போடாதீங்க சார் என்று கீழ்வீட்டில் சொன்னபோதும் சரிம்மா என்றார். இரண்டு சரிக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை. முன்னால் சாய்ந்தால் இறங்குகிறது, பின்னால் சாய்ந்தால் நிமிர்கிறது.

"நம்ம புனிதவதி அம்மாவுக்கு நடந்தது இனிமே இந்த பில்டிங்ல யாருக்கும் நடக்கக் கூடாது," என்று திருவேங்கடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சங்கத்தின் செயலாளர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் மைக் இல்லாவிட்டாலும் மைக் பிடித்த மாதிரியே விரல்களை மடக்கிக்கொண்டு பேசுவார். "ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி கீழ கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னார். லிஃப்ட் இருந்திருந்தா இன்னிக்கு அந்தம்மா இதோ இங்க நம்மகூட உட்கார்ந்திருப்பாங்க." அவர் கையைக் காட்டிய இடத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள், தெய்வசிகாமணியும் பார்த்தார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் ஒரு சின்னப் பெண், தலைமுடியை ரப்பர் வளையத்தில் கட்டியிருந்தாள், வர வழியிலேயே போயிட்டாங்க சார் என்று மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த வழியிலேயே என்கிற சொல் சாயங்காலத்துக்குள் படியிலேயே என்று ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் வாயில் அது அஞ்சு நிமிஷம் ஆகிவிட்டது. அவர் எதையும் திருத்தவில்லை. சொல்லட்டும் என்று இருந்தார். சொல்லட்டும் என்றுகூட இல்லை, சும்மா இருந்தார். இப்போது அது தட்டச்சு ஆகி, தீர்மானத்தின் மூன்றாவது பத்தியாக வந்து நிற்கிறது. லிஃப்ட் வசதி இல்லாத காரணத்தால் நமது குடியிருப்பில் ஓர் உயிர் பறிபோனதைக் கருத்தில் கொண்டு. திருவேங்கடம் அதை இரண்டு தடவை வாசித்தார். "புது பில்டிங்கோட முகப்புக் கூடத்துக்கு அம்மா பேரையே வைக்கலாம்னு கம்பெனியில ஒத்துக்கிட்டிருக்காங்க," என்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓரமாக உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய பேனர், அதில் பதினான்கு மாடி. கட்டடத்தின் முன்னால் கம்ப்யூட்டரில் வரைந்த ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள், ஒருவன் தோளில் குழந்தை வைத்திருக்கிறான், அவர்களில் ஒருவரும் கறுப்பாக இல்லை, ஒருவரும் கிழவராக இல்லை. மரத்தின் நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது, நாயின் நிழல் வலது பக்கம். அவர் நாயின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். புனிதவதிக்கு இந்தப் பேனரைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கத் தேவையே இல்லை, அவள் சொல்லியாயிற்று. போன வருஷம் இந்தக் கம்பெனியின் பேச்சு முதலில் வந்தபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், இவங்க இடிக்கத்தான் போறாங்க, இடிக்கட்டும், பால்கனியை மட்டும் கிழக்கே பார்த்துக் கேட்டு வாங்கிக்குங்க, துணி சீக்கிரம் காயும். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் இதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. முகப்புக் கூடம். அவள் பெயரைப் பித்தளையில் எழுதி ஆணி அடிப்பார்களா, கல்லில் வெட்டுவார்களா. அதற்குக் கீழே யாராவது செருப்பைக் கழற்றி வைப்பார்கள்.

பேப்பர் கப்பில் யாரோ டீ கொடுத்தார்கள். கையில் வாங்கினார். மேலே ஆடை படிந்துவிட்டது, எப்போது வாங்கினோம் என்று தெரியவில்லை. படி என்று யார் சொன்னாலும் அவருக்குப் படி வந்துவிடுகிறது, மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரை ஐம்பத்து நான்கு படி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்பது. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அவளை உட்கார வைத்துப் போர்வையால் சேர்த்துக் கட்டினார்கள். முன்னால், பாரமெல்லாம் இறங்குகிற பக்கம், பின்நடையாக இறங்கியவர் தரைத்தளத்து அமல்தாஸ். ஏசி மெக்கானிக், இரண்டு ஆள் தூக்குகிற பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர், இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மேல்பக்கம் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் பிடித்தார்கள். தெய்வசிகாமணி கடைசியாக வந்தார், ஒரு கையில் அவளுடைய பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பை, இன்னொரு கையில் அவளுடைய செருப்பு. செருப்பை எதற்கு எடுத்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அமல்தாஸின் கால் வழுக்கியது, நாற்காலியின் கால் சுவரில் இடித்துக் கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, எடுக்க வரவில்லை. மேலே இழுத்தார்கள், சாய்த்தார்கள், சுவரில் காரை உதிர்ந்தது. அமல்தாஸ் ஒரு முழங்காலை ஊன்றி நாற்காலியை மடியில் தாங்கிக்கொண்டு, அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கங்க, இதோ ஆயிடுச்சு, அக்கா கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெய்வசிகாமணி நான்கு படி மேலே செருப்போடு நின்றுகொண்டு அதைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் அரசுக் கிடங்கில் தர ஆய்வாளராக இருந்தவர், மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் உள்ளே ஈரமா, வண்டா, பழையதா என்று கை சொல்லிவிடும், கண் பிறகுதான். கூடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டபோது கை சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம்தான் அவர் வாசலுக்குப் போய் அமல்தாஸ் என்று கத்தினார். அப்புறம்தான் நாற்காலி, போர்வை, படி எல்லாம். அப்படியானால் அதற்கு முன்னால். அதற்கு முன்னால் அவர் அடுப்படியில் இருந்தார். நினைப்பு அடுப்படி நிலைப்படி வரை போயிற்று, அங்கே அது நின்றது, எப்போதும் அங்கேதான் நிற்கும், நின்று திரும்பி மறுபடி படியில் இறங்க ஆரம்பித்துவிடும். ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று.

"அந்தம்மா பேரைச் சொல்லி ஓட்டு கேக்கறதுக்கு முன்னாடி இதையும் வாசிங்க செயலாளரே." முதல் மாடி நூர்ஜஹான் டீச்சர் எழுந்து நின்றிருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார், சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு வாசலில் இருபது ஜோடி சின்னச் செருப்புக் கிடக்கும். கையில் ஒரு பழைய காகிதம், மடிப்பில் கிழிந்து பின்னால் ஒட்டுப்போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி வந்து கேட்டபோது குடியிருப்போர் எழுதிக் கொடுத்த மறுப்புக் கடிதம். "இது யார் கையெழுத்துன்னு எல்லாருக்கும் தெரியும். புனிதவதி அக்கா எழுதினது. நாங்கள் இந்த மண்ணை விட்டுப் போக மாட்டோம்னு அவங்க கையால எழுதியிருக்காங்க. அவங்க இருந்திருந்தா இன்னிக்கும் இதையேதான் சொல்லியிருப்பாங்க." டீச்சர் காகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். இத்தனை தூரத்திலிருந்தும் அந்த எழுத்துத் தெரிந்தது, ஒவ்வொன்றும் உருண்டையாக, நெல்மணி மாதிரி ஒரே அளவாக. தெய்வசிகாமணிக்கு அந்தக் கடிதம் எழுதிய நாள் நினைவிருந்தது. டீச்சர்தான் மேலே வந்து, அக்கா உங்க எழுத்து அழகா இருக்கும், நான் சொல்லச் சொல்ல எழுதுங்க என்று கேட்டார். புனிதவதி எழுதினாள். நடுவில் ஒரு தடவை பேனாவை உதறினாள். எழுதி முடித்து டீச்சர் போன பிறகு, ஏங்க, மண்ணை விட்டுன்னு எழுதச் சொல்றாங்க, நாம மூணாவது மாடியில இல்ல இருக்கோம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் ஏதாவது வரும் என்று அவர் கொஞ்சம் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. டீச்சர் பேசிக்கொண்டே போனார், குரல் இறங்கிவிட்டது. "கட்டி முடிக்க மூணு வருஷம்னு சொல்றீங்க. வாடகை கம்பெனி குடுக்கும்னு சொல்றீங்க. சரி. வீடு யார் குடுப்பாங்க? என் பேரைச் சொன்னதும் போனை வைக்கிறவங்க எத்தனை பேர்னு உங்களுக்குத் தெரியாது செயலாளரே. போன தடவை என் தங்கச்சிக்காகப் பதினொரு வீடு பார்த்தேன். இந்தத் தெருவுல என்னை யாரும் பேர் கேக்கறதில்ல. டீச்சர்னுதான் கூப்பிடறாங்க." திருவேங்கடம் மடக்கிய விரல்களைப் பிரித்து மறுபடி மடக்கினார். கூரையிலிருந்து சொட்டு விழுந்தது. டீச்சர் சொன்னது உண்மை என்று தெய்வசிகாமணிக்குப் பட்டது, அந்த உண்மை தூரத்தில் தெருமுனையில் போகிற பஸ் மாதிரி போயிற்று, எண் தெரிகிறது, கை காட்டத்தான் தோன்றவில்லை. இந்தப் பக்கம் ஒரு புனிதவதி லிஃப்ட் வேண்டும் என்று செத்திருக்கிறாள், அந்தப் பக்கம் ஒரு புனிதவதி மண்ணை விட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாள். கிழக்கே பார்த்த பால்கனியில் துணி காயப்போட நினைத்தவளை இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

"டீச்சர் சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா லிஃப்ட் வேணும்." அமல்தாஸின் குரல். அவர் உட்காரவில்லை, வந்ததிலிருந்து மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். "வேற என்ன வேணா பேசிக்கலாம். லிஃப்ட் வந்தே ஆகணும்." இந்தப் பதினைந்து கையெழுத்தில் பத்தை வீடு வீடாக ஏறி வாங்கியது அவர்தான் என்று தெய்வசிகாமணிக்குச் சுபத்ராகூடச் சொல்லியிருந்தாள், அவளுக்கு யார் சொன்னார்களோ. நூர்ஜஹான் டீச்சர் திரும்பினார். கோபமாக இல்லை, களைப்பாக, கணக்கு வராத பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "நீங்க தரைத்தளம் அமல்தாஸ். வாசல்ல இறங்கினா தெரு. உங்களுக்கு எதுக்கு லிஃப்ட்டு?" அமல்தாஸ் கட்டின கையைப் பிரித்தார். "எனக்கு இல்லீங்க டீச்சர்," என்றார். பிறகு தரையைப் பார்த்தார். வலது கை தானாக இறங்கி வலது முழங்காலைத் தேய்த்தது, பேன்ட்டின் மேலாக, ஒரு தடவை, இரண்டு தடவை. தெய்வசிகாமணியின் நாற்காலி முன்னால் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. முழங்கால். ஊன்றின முழங்கால். அன்று ஆஸ்பத்திரியில் அமல்தாஸின் பேன்ட் அந்த இடத்தில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது, யாரோ மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு அமல்தாஸ் மூன்றாம் மாடிக்கு வரவேயில்லை. காரியத்தன்று கீழே பந்தல் வரை வந்தவரும் சாப்பிடாமல் போய்விட்டார். இவர் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டால் தரைத்தளத்தில் அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். சித்திரை மாதம் ஏசி ஓடவில்லை என்று போன் செய்ததற்குத் தன் ஆள் ஒருவனை அனுப்பினார், காசு வாங்கவில்லை. சீசன் நேரம், வேலை அதிகம் போல என்று தெய்வசிகாமணி நினைத்தார். நினைத்தார் என்பதுகூட இல்லை. இந்த ஆள் எட்டு மாதமாக அந்தத் திருப்பத்திலேயே நிற்கிறார். நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று சொல்லிக்கொண்டு. அஞ்சு நிமிஷம் என்று ஊர் சொல்லச் சொல்ல அந்த அஞ்சு நிமிஷமும் யார் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது என்று தெய்வசிகாமணி ஒரு நாளும் பார்க்கவில்லை.

பார்க்காமல் இருந்தது வசதியாக இருந்தது. அந்த எண்ணம் வந்தபோது உள்ளே ஒன்றும் குத்தவில்லை, மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுகிற மாதிரி, இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தடவை நினைப்பு நிலைப்படியில் திரும்பவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு இடது தோள் வலி, வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்துக் கட்டிலில் படுத்தாள். பருப்பு வச்சிருக்கேன், மூணு விசில் வந்ததும் நிறுத்திடுங்க என்றாள். அவர் போனார். முதல் விசில், இரண்டாவது விசில். மூன்றாவது வந்ததும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்தெருவில் எழும்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் தெரியும், அன்று கிரேன் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தது. நீளக் கம்பிகள், நடுவில் மட்டும் சங்கிலி, இரண்டு முனையும் மெல்ல ஆடிக்கொண்டு, மேலே ஒரு ஆள் கையைக் காட்டிக் காட்டி இறக்கச் சொல்கிறான். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதில் பார்க்க என்ன இருந்தது. ஒன்றும் இல்லை. கம்பி இறங்குகிறது, கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. நடுவில் ஒரு சத்தம் கேட்டது. கிரேன் உருளையின் சத்தமாக இருக்கலாம். கூடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஏங்க என்று கேட்ட மாதிரி இருந்தது, உருளைகூட அப்படித்தான் கீச்சிடும், எண்ணெய் போடாவிட்டால் அப்படித்தான் இருக்கும். இந்த எட்டு மாதத்தில் அவர் எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் அது உருளையின் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கும். யாரும் அடுப்படியைப் பற்றிக் கேட்கவில்லை. படியைப் பற்றியே பேசினார்கள். எல்லாப் பழியையும் படி எடுத்துக்கொண்டது, படியோடு அமல்தாஸும் எடுத்துக்கொண்டார். இவருக்கு மிச்சமில்லாமல் போயிற்று. அதனால்தான் யாரையும் திருத்தவில்லை போல. மரத்துப்போயிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மரத்துப்போனவன் இவ்வளவு கவனமாக வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான்.

"சிகாமணி சார், உங்ககிட்டதான் நிக்குது," என்று திருவேங்கடம் பக்கத்தில் வந்து குனிந்தார். அட்டையில் கிளிப் போட்டுத் தீர்மானக் காகிதம், மேலே பேனா. "உங்களை யாரும் கட்டாயப்படுத்தல. அம்மாவுக்காக நினைச்சுக்கிட்டுப் போடுங்க." எல்லா முகமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. டீச்சர் பழைய காகிதத்தை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டிருந்தார், மடிப்பில் அது இன்னும் கொஞ்சம் கிழிந்தது. தெய்வசிகாமணி டீ கப்பைத் தரையில் வைத்தார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பத்தியை வாசித்தார், இரண்டாவது பத்தியை வாசித்தார். மூன்றாவது பத்தியில் பேனாவை வைத்து முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி. நான்கு வரியையும் அடித்து முடித்தார். "சார், என்ன பண்றீங்க," என்றார் திருவேங்கடம். தெய்வசிகாமணி எழுந்திருக்க நினைத்தார், எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார். வெகுநாள் பேசாத குரல் முதலில் காற்றாகத்தான் வந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "அவ படியில போகல," என்றார். "வீட்லயே போயிட்டா. நாற்காலியில உட்கார வைக்கறதுக்கு முன்னாடியே. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கச் சொன்னேன். லிஃப்ட் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்." ஏதாவது இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது. "முகப்புக்குப் பேர் எல்லாம் வேண்டாம்," என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை, மீட்டர் பெட்டிப் பக்கம் மட்டும் பார்த்தார். அமல்தாஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் முழங்காலிலிருந்து எடுபட்டு எங்கே போவதென்று தெரியாமல் மீட்டர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டது.

யாரோ ஒரு பெண் ஐயோ பாவம் என்று மெதுவாகச் சொன்னாள். கம்பெனிக்காரர் தன் போனைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், பத்தியை அடித்தால் தீர்மானம் செல்லுமா, போட்ட பதினைந்து கையெழுத்தும் மறுபடி வாங்க வேண்டுமா, யாருக்காக என்று சொல்லி எங்களிடம் வாங்கினீர்கள். திருவேங்கடம் ஒவ்வொருவரையும் கையமர்த்திக்கொண்டே, சார், அடிச்சது சரி, கையெழுத்து, கையெழுத்து என்று இவரையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அமல்தாஸ் நடந்து வந்து அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தெய்வசிகாமணிக்கு எதிரே உட்கார்ந்தார். முட்டிக்கு முட்டி தொடுகிற மாதிரி இடைவெளி. அவர் மேலிருந்து ஏசி பெட்டிக்குள் இருக்கிற தூசி வாடை வந்தது. "நிஜமா சார்?" என்றார். "நிஜம்." "நான் வழுக்கினது." "நீங்க வழுக்கினப்போ அவ இல்ல. நீங்க மாடி ஏறி வரும்போதே இல்ல." அமல்தாஸ் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். "ராத்திரி தூக்கத்துல கால் வழுக்கும் சார். என் பொண்டாட்டி எழுப்பி விடுவா." அதைச் சொல்லிவிட்டு, விலாசம் கேட்கிற குரலில், கோபமே இல்லாமல் கேட்டார். "எனக்கு மட்டுமாவது ஏன் சார் சொல்லல?"

தெரியல என்று சொல்லலாம். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்து தயாராக நின்றது, இத்தனை நாளாக எல்லாக் கேள்விக்கும் அதுதான், அதைச் சொன்னால் இந்த ஆள் சரி சார் என்று எழுந்து போய்விடுவார், இனிமேல் கதவைச் சாத்த மாட்டார், எல்லாம் நன்றாகவே இருக்கும். தெய்வசிகாமணி வெளியே பார்த்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது, தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை உள்ளே தள்ளுவதற்காக ஆட்கள் எழுந்து ஓடினார்கள், நாற்காலிகள் சரசரவென்று ஒதுங்கின, பேனர் காற்றில் உப்பி ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி கூடுவோம் என்று திருவேங்கடம் மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார். அன்றைக்குக் கையெழுத்து பதினைந்தோடு நின்றது. போகிற போக்கில் அவர் அட்டையையும் பேனாவையும் தெய்வசிகாமணியின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார், இவருக்கு எடுத்தது தெரியவில்லை. "சொன்னா, அப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க," என்று தெய்வசிகாமணி அமல்தாஸிடம் சொன்னார். "எங்க சார் இருந்தீங்க?" "அடுப்படியில." பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஈரத் தரையில் கீச்சிட்டு நின்றது. அது உருளையின் சத்தம் இல்லை, எந்த உருளையும் ஏங்க என்று சொல்லாது, இத்தனை நாளும் அவருக்கு அது தெரியும். "கூப்பிட்டா," என்றார். "ஒரு தடவைதான். இதோ வரேன்னு சொன்னேன்." அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. அமல்தாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்புறம் சார்?" "போகல. ஜன்னல் கிட்டயே நின்னேன்." "எவ்வளவு நேரம்?" "தெரியல. பின்தெருவுல கிரேன்ல கம்பி இறக்கிட்டிருந்தான். அது இறங்கி முடியற வரைக்கும்."

ஸ்கூட்டர்கள் இவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கொஞ்சம் தள்ளுங்க சார் என்று யாரோ சொன்னார்கள். அமல்தாஸ் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். எழுந்து போகவில்லை.